கருவேலத்துக்குப் புதுப் பெயர் பிறந்த கதை

ஓமலூர்ப் பக்கத்து ஏரிகளில் தண்ணீர் வற்றிய மாதங்களில் கரையேறி நின்று பார்த்தால், முதலில் கண்ணில் படுவது கருவேலம்தான். கலப்பைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் வைரம் பாய்ந்த அதன் கட்டை, தோல் பதனிட அதன் பட்டை, பல் துலக்க அதன் குச்சி, ஆட்டுக்கு அதன் நெற்று, அடுப்புக்கு அதன் விறகு. ஒரு மரத்திடமிருந்து இவ்வளவு வாங்கிக்கொண்டோம். 1980களில் சமூகக் காடுகள் திட்டத்தில் தமிழ்நாடு முழுக்க ஏரிகளுக்குள் வனத்துறை நட்டு வளர்த்ததும் இதே கருவேலத்தைத்தான்.

கல்லூரியில் தாவரவியல் படித்த எவரும் இந்த மரத்தை அக்கேசியா நைலோட்டிகா என்றுதான் பரீட்சையில் எழுதியிருப்பார்கள். இன்றைய உலகத் தாவரப் பட்டியல்களில் அது பழைய பெயர்களின் வரிசைக்குப் போய்விட்டது. மரம் இப்போது வச்சேலியா நைலோட்டிகா. மானாவாரிக் காட்டு வரப்பில் நிற்கும் வெள்வேலம் வச்சேலியா லூக்கோஃப்ளோயா. மலைச் சரிவுகளில் மரத்துக்கு மரம் தாவிப் படரும் சீகைக்காய்க் கொடி செனகாலியா ருகேட்டா. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவந்து நட்ட ஆஸ்திரேலிய வாட்டில் மரங்கள் மட்டும் பழையபடி அக்கேசியாவாகவே இருக்கின்றன. நம் மரத்தின் பெயர் போனது ஏன், வந்த மரத்துக்கு அது நிலைத்தது எப்படி என்று கேட்காத தாவரவியல் மாணவர் இருக்க முடியாது.

இதில் இரண்டு விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, உறவு தெரிந்து மரங்களைப் பிரித்தது. மற்றது, பிரித்த பின் எந்தக் கிளைக்கு எந்தப் பெயர் என்று பங்கு போட்டது. முன்னதை முடிவு செய்தது ஆய்வுக்கூடம். பின்னதை முடிவு செய்தது ஓட்டெடுப்பு. முன்னதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். பின்னதில் எனக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு.

எங்கள் சேலம் பக்கத்தில் குலதெய்வக் கோயில் திருவிழா என்றால் தலைக்கட்டு வரி எழுதுவார்கள். ஒரு பாட்டன் வழி வந்த பங்காளிகள் அத்தனை பேரும் அந்த நோட்டில் வர வேண்டும். வெளியூர் போனவர், பேச்சுவார்த்தை இல்லாதவர் என்று ஒருவரையும் விடக் கூடாது. எவ்வளவு நெருங்கிப் பழகினாலும் வேறு குலத்தார் பெயர் அதில் ஏறாது. இன்றைய தாவர வகைப்பாட்டின் விதியும் இதுவே. ஒரு பேரினம் என்று சொன்னால், அதில் ஒரே மூதாதையின் வாரிசுகள் அனைத்தும் இருக்க வேண்டும்; வேறெதுவும் இருக்கக் கூடாது. பழைய அக்கேசியா இந்த விதியில் தேறவில்லை. பங்காளி அல்லாதவர்கள் அந்த ஒரே நோட்டில் இருந்தார்கள். சிலருடைய உண்மையான பங்காளிகளோ வாகை மரத்தோடு வேறொரு நோட்டில் இருந்தார்கள்.

இந்த விதி வருவதற்கு முன் வகைப்பாட்டுக்கு வேலை வேறு. 1753-இல் சுவீடனின் கார்ல் லின்னேயஸ் செடிகளுக்கு இரட்டைப் பெயர் வைத்து நூல் வெளியிட்டபோது, பூவில் மகரந்தத் தாள் எத்தனை, சூல் தண்டு எத்தனை என்று எண்ணி வகுப்புப் பிரித்திருந்தார். பெயர் தெரியாத செடியைக் கையில் வைத்திருப்பவர் அது எது என்று கண்டுபிடிக்க அந்த முறை உதவியது. எதற்கு எது உறவு என்று சொல்வது அதன் நோக்கமே அல்ல. கருவேலத்தை அவர் தொட்டாற்சிணுங்கியோடு மிமோசாவில் சேர்த்தார். அடுத்த ஆண்டே லண்டன் செல்சி மருந்துத் தோட்டத்தைக் கவனித்துவந்த பிலிப் மில்லர் அக்கேசியா என்ற பேரினத்தை வைத்தார். அந்தப் பேரினத்துக்கு அடையாள மரமாகப் பின்னால் நிலைபெற்றது நைல் நதிக்கரைக் கருவேலம். நம் ஏரிகளில் நிற்பதும் அதே இனம்தான்; அதன் இந்தியத் துணையினம்.

லின்னேயஸ் முறை எல்லாருக்கும் திருப்தி தரவில்லை. ஏதோ ஓர் உறுப்பை மட்டும் எண்ணாமல் விதை, காய், பூ, இலை என்று பலவற்றையும் சேர்த்துப் பார்த்து, இயல்பாகச் சேரும் செடிகளை ஒரு குடும்பமாக அடுக்க வேண்டும் என்று பாரிசின் ஜுஸ்ஸியூ 1789-இல் வழிகாட்டினார். அந்த இயற்கை முறையைத் தென்னிந்தியச் செடிகளுக்குப் பொருத்திக் காட்டியவர் சென்னை மாகாணத்து மருத்துவர் ஒருவர்.

ராபர்ட் வைட் 1796-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். எடின்பரோவில் மருத்துவம் படித்துவிட்டு 1819-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் உதவி அறுவை மருத்துவராகச் சென்னைக்கு வந்தார். செடிகள் மேல் அவருக்கு இருந்த பித்தைப் பார்த்து 1826-இல் கம்பெனி அவரை மாகாணத்தின் இயற்கை ஆய்வாளராக்கியது. இரண்டே ஆண்டில் அந்தப் பதவியை ஒழித்து, நாகப்பட்டினத்துக்குப் படை மருத்துவராக அனுப்பிவிட்டது. பதவி போனாலும் சேகரிப்பு நிற்கவில்லை. செடி பறித்து வர ஆட்களும், படம் எழுத ஓவியர்களும் அவரோடு இருந்தார்கள். முதலில் ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. பூவின் ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே பிரித்து வரைந்த அந்த இருவரின் படங்கள் இல்லாமல் வைட்டின் நூல்கள் இல்லை. கோவிந்துவின் பெயரால் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்தூயா என்றே பெயர் சூட்டினார் வைட். இன்று அது வேறொரு பேரினத்துக்குள் கரைந்துவிட்டது. நம் பாடப்புத்தகங்களில் இந்த ஓவியர்களுக்கு ஒரு வரியாவது கொடுக்கலாம் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

1831-இல் விடுப்பில் ஊருக்குப் போனபோது, ஒரு லட்சம் அளவுக்கு உலர்த்திய செடி மாதிரிகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார் வைட். அங்கே ஜார்ஜ் வாக்கர் ஆர்னாட் என்ற தாவரவியலாளர் துணைக்குச் சேர்ந்தார். இருவரும் சேர்ந்து எழுதிய நூலின் முதல் தொகுதி 1834-இல் லண்டனில் வெளிவந்தது. தீபகற்ப இந்தியாவின் தாவரங்களை இயற்கை முறைப்படி அடுக்கியது என்று தலைப்பிலேயே சொல்லிக்கொண்ட நூல். இரண்டாவது தொகுதி கடைசிவரை வரவில்லை.

அந்த நூலில் வேல மரங்களின் முறை வந்தபோது ஒரு மரம் அவர்களை யோசிக்க வைத்தது. கஸ்தூரிவேல் என்றும் பிக்கருவேல் என்றும் நாம் சொல்லும் சிறு மரம் அது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து உலகெங்கும் பரவியது. மஞ்சள் உருண்டைப் பூவில் அவ்வளவு மணம் இருப்பதால் பிரான்சில் வாசனைத் தைலத்துக்கே வளர்த்தார்கள். பூவைப் பார்த்தால் கருவேலத்துக்கு அண்ணன் தம்பி என்று தோன்றும். காய் வேறு மாதிரி. கருவேல நெற்று தட்டையாக, விதைக்கும் விதைக்கும் நடுவே ஒடுங்கி நீளும். கஸ்தூரிவேலின் காயோ உருண்டு தடித்து, தானாக வெடிக்காமல், உள்ளே சோற்றுப்பற்றில் விதைகள் இரண்டு வரிசையாகப் புதைந்து கிடக்கும். இதை அக்கேசியாவில் வைக்க முடியாது, தனிப் பேரினம் என்று வைட்டும் ஆர்னாட்டும் முடிவு செய்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் வச்சேலியா.

யார் பெயர் அது? சீனக் கரையில் மக்காவ் நகரில் கம்பெனியின் பாதிரியாராக இருந்த ஜார்ஜ் ஹார்வி வாச்செல், அங்குள்ள செடிகளைச் சேகரித்துக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹென்ஸ்லோவுக்கு அனுப்பிவந்தார். அவருக்கு மரியாதையாக வைத்த பெயர். இந்த ஹென்ஸ்லோதான் சார்லஸ் டார்வினின் ஆசிரியர். பீகிள் கப்பலில் அவர் ஏறக் காரணமாக இருந்தவர். வைட்டின் நூல் வெளிவந்த 1834-இல் டார்வின் தென்னமெரிக்காவில் சுற்றிக்கொண்டிருந்தார். வகைப்பாடு என்பது வம்சாவளியாக வேண்டும் என்று பின்னாளில் எழுதப் போகும் மாணவர், அந்தக் கொள்கையால் மீண்டு வரப் போகும் ஒரு பெயருக்குரிய பாதிரியார், இருவருக்கும் பொதுவானவர் ஹென்ஸ்லோ. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

வைட் முழு உறவையும் கண்டுவிட்டார் என்று சொன்னால் அது மிகை. கஸ்தூரிவேலைப் பிரித்தவர்கள் கருவேலத்தை அக்கேசியா அராபிக்கா என்ற பெயரில் அக்கேசியாவிலேயே விட்டுவிட்டார்கள். இரண்டும் ஒரே கிளை என்பது அவர்கள் நூலில் இல்லை.

அந்தப் பாதிக் கண்டுபிடிப்பும் நீடிக்கவில்லை. எட்டே ஆண்டில், 1842-இல், ஜார்ஜ் பெந்தம் வச்சேலியாவை அக்கேசியாவுக்குள் திரும்பச் சேர்த்தார். பயறுக் குடும்பத்தில் அவர் சொன்னதற்கு மறுப்பில்லாத காலம் அது. பெந்தம் பார்த்தது காயை அல்ல, மகரந்தத் தாளை. தாள்கள் ஏராளமாகவும் ஒன்றோடொன்று ஒட்டாமலும் இருந்தால் அக்கேசியா. அடியில் ஒட்டிக் குழலாகியிருந்தால் வாகைக் கூட்டம். பூவைப் பிய்த்துக் கைலென்சில் பார்த்தால் தெரிந்துவிடும். இந்த வசதியால் ஆப்பிரிக்கா, ஆசியா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் ஒரே பெயருக்குள் வந்து குவிந்தன. 1875-இல் பெந்தம் அவற்றை ஆறு வரிசைகளாகப் பிரித்துக் காட்டினார். பேரினம் மட்டும் ஒன்றுதான். அதையே உலகம் நூறு ஆண்டுக்கு மேல் பின்பற்றியது. 1915 முதல் வெளிவந்த கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலும், திருச்சியில் ராபினாட் ஹெர்பேரியம் என்ற உலர்செடிக் காப்பகத்தை உருவாக்கிய பாதிரியார் மேத்யூ சேலம் சமவெளியையும் சேர்வராயன், கொல்லி, கல்வராயன் மலைகளையும் அலசி 1980களின் தொடக்கத்தில் வெளியிட்ட நூலும் கருவேலத்தை அக்கேசியா என்றே எழுதின. அன்றைய அறிவுக்கு அது சரி.

இடையில் 1859-இல் டார்வினின் நூல் வந்தது. உயிர்கள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தவை என்றால், இயற்கை முறை என்று இத்தனை நாள் தேடியது வம்ச வரிசையைத்தான் என்று அவர் விளக்கினார். கொள்கையாகப் பலரும் ஏற்றார்கள். எந்த அடையாளம் உறவைக் காட்டும், எது ஏமாற்றும் என்று பிரித்தறியும் வழி அப்போது இல்லை. ஜெர்மனியின் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக் 1950-இல் அதற்கு ஒரு முறை கொடுத்தார்: வெறும் ஒற்றுமை போதாது, பொது மூதாதையிடம் புதிதாகத் தோன்றி வாரிசுகளுக்கு வந்த மாற்றங்களை மட்டும் எண்ணு என்றார். 1986-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தைச் சேர்ந்த தாவரவியலாளர் லெஸ் பெட்லி, அக்கேசியாவை மூன்றாகப் பிரித்தே ஆக வேண்டும் என்று எழுதினார். பலரும் அப்போது அதைக் காதில் வாங்கவில்லை.

புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மூன்று செடிகளைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். கருவேலத்தின் ஒரு கிளையை வளைத்துப் பிடியுங்கள். இலை கிளம்பும் இடத்தில் இரு பக்கமும் ஜோடியாக, நேராக, வெள்ளையாக முள் இருக்கும். இலையடிச் செதில் இரண்டும் இங்கே முள்ளாகிவிட்டன. வெள்வேலத்திலும் அப்படியே. சீகைக்காய்க் கொடியின் முள் வேறு: தண்டின் மேல்தோலில் வளைந்த கொக்கியாக, ஜோடிக் கணக்கு இல்லாமல் கிளம்பும், வேட்டியில் மாட்டினால் கிழிக்காமல் விடாது. மூன்றாவது, சாலையோரங்களிலும் வளாகங்களிலும் நட்டிருக்கும் அரிவாள் வடிவ இலை கொண்ட ஆஸ்திரேலிய அக்கேசியா. இதற்கு முள்ளே கிடையாது. அந்த இலையும் உண்மையில் இலை அல்ல. காம்பு தட்டையாக அகன்றது. நாற்றங்காலில் இதன் விதை முளைக்கும்போது கவனித்தால் முதலில் வருவது வாகையைப் போலச் சிற்றிலைகள் அடுக்கிய இறகிலை. அடுத்த இலையில் காம்பு கொஞ்சம் அகலும், சிற்றிலைகள் குறையும். அதற்கடுத்ததில் இன்னும் குறையும். கடைசியில் காம்பு மட்டும் மிஞ்சும். இந்த மாற்றம் முழுவதையும் ஒரே நாற்றில் கீழிருந்து மேலாகப் பார்த்துவிடலாம். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரிணாமத்தைக் காட்ட இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

இந்த வேறுபாடுகள் பெந்தமுக்கும் தெரியும். ஒட்டாத மகரந்தத் தாளே இவற்றைவிடப் பெரிது என்று அவர் நினைத்தார். அது சரியா என்று தீர்த்து வைத்தது டி.என்.ஏ.

களத்தில் பறித்த இலையைச் சிலிக்கா ஜெல் போட்ட உறையில் உடனே உலர்த்திவிடுவார்கள். ஆய்வுக்கூடத்தில் அதை அரைத்து டி.என்.ஏ.வைப் பிரிப்பார்கள். எல்லாச் செடிகளிலும் உள்ள ஒரு மரபணுவை, பெரும்பாலும் பசுங்கணிகத்தில் இருப்பதை, எழுத்து எழுத்தாகப் படித்து, நூற்றுக்கணக்கான இனங்களை வரிசையாக வைத்து ஒப்பிடுவார்கள். எந்தெந்த மரங்கள் ஒரே மாற்றத்தைப் பகிர்கின்றன என்று கணினி கிளை கிளையாக அடுக்கும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல குழுக்கள் தனித்தனியே இதைச் செய்தன. எல்லாரும் வந்து சேர்ந்த இடம் ஒன்றே. 2022-இல் 420 இனங்களில் 997 மரபணுக்களைப் படித்த பெரிய ஆய்வும் அதையே உறுதி செய்தது.

ஆஸ்திரேலிய அக்கேசியாக்கள் வாகைக் கூட்டத்துக்குள்ளேயே போய்ச் சேர்ந்தன. சீகைக்காய் அதற்கு அடுத்த உறவு. கருவேலமும் வெள்வேலமும் கஸ்தூரிவேலும் தள்ளிப் போய்த் தனிக் கிளை. மகரந்தத் தாள் ஒட்டாமல் இருப்பது உறவுக்குச் சாட்சி அல்ல என்று ஆயிற்று. நம் ஊர் வழக்கில் சொல்வதானால், தலைக்குத் தேய்க்கச் சந்தையில் வாங்கும் அரப்பும் சீகைக்காயும் கருவேலத்தைவிடத் தங்களுக்குள் நெருங்கிய உறவு. அரப்பு, அதாவது ஊஞ்ச மரம், வாகையின் இனம். முள் இல்லாத அரப்பை வைத்துக்கொண்டு யாரும் சீகைக்காயோடு உறவு பேசியிருக்க மாட்டோம். முள் இருப்பதும் இல்லாததும் பல கிளைகளில் தனித்தனியே வந்து போயிருக்கிறது. ஜோடி முள் உள்ள கொடுக்காப்புளியும் வாகைக் கூட்டம்தானே!

இனிப் பெயர்ப் பங்கீடு. தாவரப் பெயரிடும் விதிப்படி, ஒரு பேரினம் உடைந்தால் பழைய பெயர் அடையாள மரம் இருக்கும் கிளைக்கே போகும். அடையாள மரம் கருவேலம். எனவே அக்கேசியா என்ற பெயர் நம் கிளைக்கு உரியது. ஆஸ்திரேலியாவின் ஆயிரம் சொச்சம் இனங்களும் ரக்கோஸ்பெர்மா ஆகியிருக்க வேண்டும். 2003-இல் ஆஸ்திரேலியாவின் ஆர்ச்சர்டும் மாஸ்லினும் ஒரு முன்மொழிவு வைத்தார்கள்: அடையாள மரத்தையே மாற்றி, ஓர் ஆஸ்திரேலிய இனத்தை அங்கே வையுங்கள், மிகக் குறைந்த பெயர்களே மாறும் என்று. கருவேலக் கிளையில் 160 இனங்களை ஒட்டியே உள்ளன என்பதால் கணக்கு அவர்கள் பக்கம். இத்தகைய முன்மொழிவுகளைப் பரிசீலிக்கும் தாவரப் பெயர்க் குழு ஒப்புக்கொண்டது. 2005 ஜூலையில் வியன்னாவில் பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டில் ஓட்டுக்கு வந்தபோது 247 பேர் எதிர்த்தார்கள், 203 பேர் ஆதரித்தார்கள். எதிர்ப்பு 54.9 சதவீதம். குழுவின் பரிந்துரையைத் தள்ள 60 சதவீதம் வேண்டும் என்பதால் பரிந்துரை நிலைத்தது. 2011-இல் அடுத்த மாநாடு மெல்போர்னில் நடந்தது. அங்கேயும் அது மாறவில்லை.

குறைந்த பெயர்கள் மாறட்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் பாதிக்கு மேற்பட்டவர்கள் வேண்டாம் என்ற பிறகும் நிலைத்த முடிவை நல்ல முடிவு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இந்த மரங்களோடு வாழும் மக்களின் தொகையும் அந்தக் கணக்கில் வந்திருக்க வேண்டும்.

பெயர் பறிபோன கிளைக்கு வேறு பெயர் தேவைப்பட்டது. விதி எளியது: அந்தக் கிளையில் ஏதேனும் ஒரு மரத்துக்கு முறைப்படி முதலில் வைத்த பேரினப் பெயர் எதுவோ அதுவே. பழைய நூல்களைப் புரட்டியபோது கிடைத்தது 1834, வைட்டும் ஆர்னாட்டும், வச்சேலியா. பெந்தம் தள்ளிவைத்த பெயர் 160 ஆண்டுகளுக்கு மேல் உறங்கிவிட்டு எழுந்தது. 2008-இல் ஹர்ட்டரும் மேபர்லியும் கருவேலத்தை வச்சேலியா நைலோட்டிகா என்று பதிந்தார்கள். வெள்வேலம் 2013-இல் மாறியது. தெற்கு, மேற்கு ஆசியாவில் மீதமிருந்த இனங்களுக்கான பெயர்மாற்றக் கட்டுரை 2014-இல் வந்தது. அதன் ஆசிரியர் வரிசையில் முதற்பெயர் ரகுபதி.

வெள்வேலத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனமில்லை. வெல்லமும் பனஞ்சாறும் காய்ச்சி வடித்த காலத்தில் ஊறலில் போட்டது இதன் பட்டையைத்தான். பட்டையின் துவர்ப்பு ஊறலைத் தெளிய வைக்கும். பட்டைச் சாராயம் என்ற பெயரும் அதனால் வந்தது. 1937-இல் சென்னை மாகாணத்திலேயே முதலாவதாக மதுவிலக்கு வந்த சேலம் ஜில்லாவில் இந்த மரத்துக்கு அப்படியும் ஒரு பழைய வாழ்வு இருந்தது.

பெயரை மாற்றி என்ன கண்டோம் என்று கேட்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்தே பதில் இருக்கிறது. 1890களில் ஆட்டுக்கு நிழலும் தீவனமும் ஆகட்டும் என்று குயின்ஸ்லாந்தில் கொண்டுபோய் வைத்த கருவேலம் இன்று அங்கே 60 லட்சம் ஹெக்டேருக்கு மேல் புல்வெளியை விழுங்கிய களை. அது நம் இந்தியத் துணையினமே. அதைக் கட்டுப்படுத்தும் பூச்சியைத் தேடி ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனத்தோடு சேர்ந்து கருவேலங்களில் பூச்சி பொறுக்கினார்கள். தங்கள் நாட்டின் ஆயிரம் வாட்டில் இனங்களையும் அந்தப் பூச்சி தின்றுவிட்டால்? இங்கேதான் உறவு முறை வேண்டும். எந்த மரம் எதற்கு எவ்வளவு நெருக்கம் என்ற வரிசைப்படிதான் பூச்சியைச் சோதனைக்கு விடுவார்கள். உள்நாட்டு மரங்களிலும் வளர்ந்த பூச்சிகளைக் கழித்துவிட்டார்கள். பழைய ஒற்றைப் பெயரை வைத்துக்கொண்டு அந்த வரிசையைப் போட்டிருக்கவே முடியாது.

நம் ஊரில் இதைவிட நேரடியான உதாரணம் சீமைக்கருவேலம். பெயரில் கருவேலம் இருந்தாலும் அது கருவேலக் கிளை அல்ல. 1870களின் கடைசியில் கமலாபுரத்தில் விதைத்தார்கள் என்று படித்தால், தங்கள் பக்கத்துக் கமலாபுரமோ என்று ஓமலூர்க்காரர்கள் திடுக்கிடுவார்கள். அது கடப்பை மாவட்டத்துக் கமலாபுரம். இத்தனை காலம் அதை புரோசோபிஸ் என்று சொல்லி, கோயில்களில் தல விருட்சமாக நிற்கும் வன்னியோடு ஒரே பேரினத்தில் வைத்திருந்தோம். அர்ஜென்டினாவின் பர்கார்ட் 1976-இல் எழுதிய பெரிய நூல் 44 இனங்களை அப்படி ஒன்றாக அடுக்கியது. 2022-இல் ஹியூஸ் குழுவினர் அதை உடைத்தார்கள். வன்னியும் இன்னும் இரண்டு இனங்களும் மட்டும் புரோசோபிஸில் தங்கின. அமெரிக்காவிலிருந்து வந்த சீமைக்கருவேலம் நெல்டுமா ஜூலிஃப்ளோரா ஆயிற்று. அதுவும் புதுப் பெயர் இல்லை. ரஃபினெஸ்க் 1838-இலேயே வைத்தது. இந்த முறை அடையாள மரம் இருந்த இடத்திலேயே பெயரும் தங்கியது என்பதில் எனக்குத் திருப்தி. வெட்டி ஒழிக்க வேண்டிய மரமும் காக்க வேண்டிய மரமும் இனி பெயராலும் வேறு வேறு.

இதே அலையில் பயறுக் குடும்பம் முழுவதுமே 2017-இல் ஆறு துணைக்குடும்பங்களாகத் திருத்தி எழுதப்பட்டது. நெடுஞ்சாலைப் புளியமரம் ஒரு பக்கம் போயிற்று. ஆவாரையும் கருவேலமும் ஒரே துணைக்குடும்பத்தில் சேர்ந்தன. ஆவாரை அதற்கு முன்பே, 1982-இல் காசியா பேரினம் மூன்றாகப் பிரிந்ததோடு சென்னா ஆகியிருந்தது.

வனத்துறைக் கோப்புகளிலும் பாடநூல்களிலும் பூங்காப் பலகைகளிலும் இன்னும் அக்கேசியா நைலோட்டிகாவும் புரோசோபிஸ் ஜூலிஃப்ளோராவும்தான் இருக்கின்றன. ஹெர்பேரியங்களில் பெயர் மாறும்போது பழைய சீட்டைக் கிழிப்பதில்லை. அதன் பக்கத்திலேயே புதுப் பெயர், தேதி, நிர்ணயித்தவர் பெயர் எழுதிய இன்னொரு சீட்டை ஒட்டுவார்கள். சேலம், நாமக்கல் மாவட்டங்களில் தாவரவியல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: உங்கள் வளாகத்து மரங்களின் பலகையிலும் அப்படியே செய்யுங்கள். மேலே கருவேலம் என்று நம் பெயர், அடுத்து வச்சேலியா நைலோட்டிகா, அதன் கீழே பழைய அக்கேசியா. கீழே நிற்கும் மாணவர் மூன்றையும் படித்துவிட்டு ஏன் மாறியது என்று கேட்டால், கிளையை வளைத்து ஜோடி முள்ளைக் காட்டுங்கள்.